பொடோனியின் பின்கட்டு

வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தால், வாசல் ஆணியில் தொங்கும் நீல மேலங்கிகளில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். கையை எதன் மேலும் ஊன்றாதீர்கள். மேஜை விளிம்பு, கதவுப் பிடி, விளக்குச் சுவிட்ச், காபிக் கோப்பையின் காது என்று இங்கே எதைத் தொட்டாலும் கறுப்பு மை ஒட்டும். நாம் நுழைந்திருப்பது இத்தாலியின் பார்மா நகரத்தில், ஒரு பழைய வீட்டு முற்றத்தைத் தாண்டி ஒளிந்திருக்கும் சின்ன அச்சுக்கூடத்துக்குள். வெளியே பெயர்ப்பலகை கிடையாது. டர்பென்டைன் வாசனையும் இயந்திர எண்ணெய் வாசனையும் முற்றத்திலேயே வந்து நம்மைக் கூட்டிப்போய்விடும்.

உள்ளே ஒரே பரபரப்பு. இன்று சாயங்காலத்துக்குள் ஓர் இசைக் கச்சேரியின் சுவரொட்டி அச்சாகியாக வேண்டும். நடுவில் பெரிதாக ஓர் இசையமைப்பாளரின் பெயர் மட்டும், ரோமன் எழுத்தில் ஐந்து எழுத்து: வெர்டி. அந்த ஐந்தும் பொடோனி எழுத்தில் நிற்கப் போகின்றன. பொடோனி எழுத்தை, அதைச் செதுக்கிய பொடோனியின் ஊரிலேயே, சட்டைக் கையை மடித்துவிட்டு, நகக்கண்ணில் மையோடு கோத்து அச்சடிப்பதைப் பார்க்கப் போகிறோம்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பொடோனியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமல் இருக்கலாம். வாசனைத் திரவிய டப்பா, நகைக்கடை விளம்பரம், ஃபேஷன் பத்திரிகையின் உள்பக்கத் தலைப்பு, ஓபரா சுவரொட்டி: ‘விலையைக் கேட்காதே’ என்று ஓர் எழுத்து மிடுக்காக நிமிர்ந்து நின்றால், அது பொடோனியாகவோ அதன் பங்காளியாகவோ இருக்கும். வோக் பத்திரிகையின் அட்டைத் தலைப்பில் இருப்பது அந்தப் பங்காளிதான், பாரிஸின் டிடோ குடும்பத்து எழுத்து. கிட்டப் போய்ப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்திலும் இரண்டே கனம். தண்டு கன்னங்கரேலென்று தடித்து நிற்கும். குறுக்கே ஓடும் கோடு மயிரிழை. முனைகளில் செரிஃப் என்கிற சின்னப் படுக்கைக்கோடு வருகிறதல்லவா, அதுவும் மயிரிழைதான். தண்டோடு சேரும் இடத்தில் வளைவு, முட்டு, தாங்கல் எதுவும் கிடையாது. நேராக ஒட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கிற நமக்கு நளினம். அச்சடிக்கிறவருக்குத் தலைவலி.

அந்தத் தலைவலியின் சொந்தக்காரர் அதோ, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இழுப்பறைகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார். வாலிபம் முழுக்க ஈய எழுத்துகளோடு கழிந்தவர். கூடத்தை இப்போது நடத்துவது அவருடைய மகள். கணக்கு, காகிதம், வாடிக்கையாளர் எல்லாம் அவர் பொறுப்பு. மூன்றாவது ஆள், டிசைன் கல்லூரியிலிருந்து பழக வந்திருக்கும் ஒரு பையன். கட்டுரையில் தன் படம் எதுவும் வரக் கூடாது, பெயரும் வேண்டாம் என்பதுதான் பெரியவர் நமக்குப் போட்ட ஒரே நிபந்தனை. ‘எழுத்தைப் பத்தி எழுதுங்க, அது போதும்’ என்கிறார்.

இழுப்பறைகளைப் பார்த்தீர்களா? சுவரோரமாகத் தரையிலிருந்து கழுத்தளவு வரை அடுக்கு அடுக்காக. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சீட்டு, மங்கிய கையெழுத்தில் எழுத்தின் பெயரும் அளவும். சில சீட்டுகள் உண்மையைச் சொல்வதில்லை. பத்துப் பாயிண்ட் சாய்வெழுத்து என்று எழுதிய பெட்டியை மகள் இழுத்தால், உள்ளே ஒரு சின்னக் கத்தி, துணியில் சுற்றிய பார்மிஜானோ பாலாடைக்கட்டித் துண்டு, அரைப் பொட்டலம் பிஸ்கட்! ‘அப்பா, ஈயம் இருக்கிற எடத்துல சாப்பாடு வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?’ பெரியவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. ‘இந்தப் பெட்டியில ஈயம் வெச்சு ரொம்ப நாளாச்சு’ என்கிறார். பையன் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

பெரிய எழுத்துகள் மரத்தில் செதுக்கியவை. சுவரொட்டி அளவுக்கு ஈயத்தில் வார்த்தால் யார் தூக்குவது? பல வருட மை ஊறி, கருங்காலி போல் பளபளக்கின்றன. பெரியவர் ‘வி’, ‘ஆர்’, ‘டி’, ‘ஐ’ நான்கையும் எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்துவிட்டார். ‘இ’ மட்டும் வரவில்லை. பெட்டியில் இருக்கும் ‘இ’யின் நடுக்கை ஒடிந்திருக்கிறது. அந்த நடுக்கை வெறும் மயிரிழை. அழுத்தம் கொஞ்சம் கூடினால் போய்விடும். பையனுக்கு முகம் வாடிவிட்டது. பெரியவர் மெதுவாக நடந்து போய், அலமாரியின் மேல் தட்டில் கையைவிட்டு, ஒரு பிஸ்கட் டின்னை இறக்குகிறார். அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் முழு ‘இ’, மூன்று கையும் பத்திரமாக. மகளுக்கே இந்த டின் விஷயம் தெரியாதாம். ‘எல்லாரும் ‘இ’தான் கேப்பாங்க. அதான் ஒண்ணை ஒளிச்சு வெச்சேன்’ என்றார். அந்த முகத்தில் வந்த பெருமிதத்தைப் பார்க்கவே பார்மாவுக்கு வரலாம்.

இப்போது சண்டை. அச்சுக்கூடத்தில் தினமும் நடக்கும் சண்டை இதுதான் என்று பையன் காதோடு சொல்கிறான்: இடைவெளிச் சண்டை.

ஐந்து எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தால் பெயர் வந்துவிடும் என்று நினைப்போம். பாருங்கள், வரவில்லை. ‘வி’யின் இடது கை தடி, வலது கை மயிரிழை, அது சாய்ந்து மேலே போவதால் கீழே ஒரு பெரிய வெள்ளைப் பள்ளம் விழுகிறது. மறுகோடியில் ‘டி’யின் வயிறும் ‘ஐ’யின் தண்டும் இரண்டு கறுப்புத் தூண்களாக முட்டிக்கொண்டு நிற்கின்றன. முன்பாதியில் ஒரே காற்று, பின்பாதியில் மூச்சுமுட்டல். கணினியில் ‘வி’யை ‘இ’ பக்கம் ஒரு தட்டு தட்டி நகர்த்தலாம். மரக்கட்டையை எப்படி நகர்த்துவது? கட்டையின் ஓரத்துக்கு மேல் நெருங்காது. அதனால் வழி தலைகீழ்: விலகி நிற்கும் முதல் ஜோடிக்கு ஈடாக மற்ற எழுத்துகளை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும்.

மகள் பித்தளைத் தகடு செருகுகிறார். பெரியவர் அதை எடுத்துவிட்டு அட்டை செருகுகிறார். மகள் பின்னால் நகர்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கிறார். ‘ஆருக்கும் டிக்கும் நடுவுல இன்னும் வேணும்.’ ‘வேணாம்.’ ‘வேணும்ப்பா.’ பெரியவர் பாக்கெட்டிலிருந்து ஒரு காலி சிகரெட் பெட்டியை எடுத்து, கத்தரியால் ஒரு நீளத் துண்டு நறுக்கி, ‘ஆர்’ பக்கத்தில் செருகுகிறார். ஒரு காகித அட்டையின் கனம், அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து பின்னால் போகிறார்கள். அடடா! சட்டென்று ஐந்தும் ஒரே மூச்சில் நிற்கின்றன. யாரும் எதுவும் சொல்லவில்லை. மகள் அப்பாவின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காபி போடப் போய்விட்டார்.

காபி வருவதற்குள் பையன் பக்கம் போவோம். நிகழ்ச்சி விவரமெல்லாம் சின்ன ஈய எழுத்து; அதைக் கோப்பது அவன் வேலை. இடது கையில் கம்போசிங் ஸ்டிக், வலது கை பெட்டிக்கும் ஸ்டிக்குக்குமாகப் பறக்கிறது. எழுத்து தலைகீழாக நிற்கும். அவன் இடமிருந்து வலமாகக் கோத்துக்கொண்டே போகிறான். நெற்றியில் வியர்வை. துடைக்க முடியாது, இரண்டு கையும் வேலையில். பாடகர் பெயர்கள், வாசிப்பவர்கள் பெயர்கள், நேரம், இடம், நன்றி. இங்கே சேர்ந்த புதிதில் பெரியவர் இவனை ‘போய் சாய்வான வெற்றிடம் எடுத்துட்டு வா’ என்று அனுப்பினாராம். எழுத்துக்கு நடுவில் செருகும் வெற்று ஈயத்துக்கு ஏது சாய்வு? அது தெரியாமல் ஒரு காலைப்பொழுது முழுக்க எல்லாப் பெட்டியையும் திறந்து தேடியிருக்கிறான். இப்போது அடுத்து யார் வந்து சேர்வார்கள் என்று இவன் காத்திருக்கிறான்!

சின்ன எழுத்தில்தான் பொடோனியின் சாயம் வெளுத்துவிடும். பெரிய அளவில் மயக்குகிற மயிரிழை, பொடி அளவில் காணாமல் போகும். தண்டுகள் மட்டும் வேலிக்கம்பி மாதிரி வரிசையாக மின்னிக் கண்ணைக் கூசவைக்கும். அதனால் பொடி எழுத்துக்கு மயிரிழையைக் கொஞ்சம் தடிப்பாக்கிச் செதுக்குவது பழைய நாள் வழக்கம். கணினிக் காலத்தில் இதை மறந்து, ஒரே வரைபடத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் எல்லா அளவுக்கும் ஓட்டினார்கள். பொடோனி படிக்க லாயக்கில்லை என்ற கெட்ட பெயர் பாதி அப்படி வந்ததுதான் என்பேன். அதைச் சரிசெய்ய ஒரு அமெரிக்கக் குழு இதே ஊருக்கு வந்து மூல எழுத்துகளைப் பார்த்து ஆராய்ந்துவிட்டுப் போனது. 1994-ல் அவர்கள் வெளியிட்ட ஐடிசி பொடோனியில் மூன்று வரைபடங்கள்: பொடி எழுத்துக்கு ஆறு பாயிண்ட், வாசிப்புக்குப் பன்னிரண்டு, தலைப்புக்கு எழுபத்திரண்டு. பையன் அதைக் கல்லூரிக் கணினியில் பார்த்தவன். ‘அங்கே மெனுவுல ஒரு பேரு. இங்கே விரல்ல குத்துது’ என்கிறான்.

காபி வந்துவிட்டது. நின்றுகொண்டே குடிக்கிறோம், உட்கார இருக்கும் ஒரே நாற்காலியில் காகிதக் கட்டு உட்கார்ந்திருக்கிறது. சுவரொட்டிக்குக் காகிதம் வெட்டி முடிக்க இன்னும் நேரமாகும் என்று மகள் சொல்ல, பெரியவரே நம்மைத் தள்ளிக்கொண்டு கிளம்புகிறார். ‘வாங்க, அவரைப் பார்த்துட்டு வந்துடலாம்.’ அவர் என்றால் பொடோனி. ஏதோ அடுத்த தெருவில் இருக்கும் மாமாவைப் பார்க்கப் போவது மாதிரி!

கிட்டத்தட்ட அப்படித்தான். ஆற்றோரம் செங்கல் நிறத்தில் மலைபோல் நிற்கிறது பிலோத்தா அரண்மனை. 1944-ல் குண்டு விழுந்து அடிபட்ட கட்டடம். உள்ளே இருந்த ஃபர்னேசே நாடகமேடை அப்போது நொறுங்கிப் பிறகு மீண்டும் எழுப்பப்பட்டது. பொடோனியின் பொக்கிஷம் தப்பித்தது நம் பாக்கியம். 1963-ல் திறந்த பொடோனி அருங்காட்சியகம் இதே வளாகத்தில்தான் இருக்கிறது.

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் எஃகுக் குச்சிகள், வரிசை வரிசையாக. விரல் நீளம்கூட இல்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரே ஓர் எழுத்து, இடவலம் மாறி, உளியாலும் அரத்தாலும் செதுக்கியது. இதுதான் பஞ்ச். செதுக்கும்போது சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? பெரியவர் கையாலேயே நடித்துக் காட்டுகிறார்: நுனியை மெழுகுவத்திச் சுடரில் காட்டிப் புகைக்கரி படியவைத்து, காகிதத்தில் ஒரு அழுத்து. கரி எழுத்து விழும். பார்த்து, இன்னும் ஒரு இழை அரம், மறுபடி சுடர். சரியென்று மனம் ஒப்பிய பிறகு எஃகைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, கடினமாக்கி, செப்புத் துண்டில் சம்மட்டியால் அடித்துப் பதிக்க வேண்டும். அந்தச் செப்புக் குழிதான் மேட்ரிக்ஸ். அதைக் கைவார்ப்பில் பொருத்தி, ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் உருக்கி ஊற்றினால் ஓர் எழுத்து. ஒன்றே ஒன்று! ஒரு பக்கத்துக்கு எத்தனை வேண்டும், ஒரு புத்தகத்துக்கு எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இந்தக் குச்சிகளின் சொந்தக்காரர் ஜாம்பத்திஸ்தா பொடோனி, 1740-ல் வடக்கே சலூட்சோவில் பிறந்தவர். அப்பாவும் அச்சுக்காரர். இளவயதில் ரோமில் கத்தோலிக்க மிஷன் அச்சகத்தில் வேலை. அங்கேதான் கீழைநாட்டு மொழிகளின் எழுத்துகளைக் கையாண்டு பழகினார். 1768-ல் பார்மா கோமகனின் அரசு அச்சகத்தை நடத்த வந்து, சாகும் வரை இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. வந்தவுடன் இந்த நளின எழுத்தைச் செதுக்கிவிட்டார் என்று எண்ண வேண்டாம். முதலில் பாரிஸின் ஃபூர்னியே எழுத்து வார்ப்பகத்திடம் எழுத்து வாங்கினார். பிறகு அதைப் பார்த்துச் செதுக்கினார். பிறகு வருஷக்கணக்காகத் தண்டைத் தடிப்பாக்கி, கோட்டை மெலிதாக்கி, பூவேலைகளைக் கழித்து, பக்கத்தில் வெள்ளையை நிறையவிட்டு, தன் வழிக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்காவிலிருந்து பெஞ்சமின் பிராங்க்ளின் 1787-ல் பாராட்டிக் கடிதம் எழுதுகிற அளவுக்குப் புகழ். அவரும் அச்சுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர்தானே!

எனக்கு மிகவும் பிடித்தது பொடோனியின் அளவுப் பெயர்கள். நமக்கு எட்டு, பத்து, பன்னிரண்டு பாயிண்ட். அவருக்கு மிகச் சின்ன எழுத்தின் பெயர் பர்மிஜானினா, அதாவது குட்டிப் பார்மாக்காரி. நடுத்தர அளவுகளில் ஒன்றின் பெயர் ஃபிலோசோஃபியா. நம் காலத்தில் 1996-ல் ஸூஸானா லிச்கோ தன் பொடோனி வகை எழுத்துக்கு இந்தப் பெயரையே வைத்தார். மேலே போகப் போகப் பதவி கூடும்: கோமகன் அளவு, ராஜா அளவு, சக்கரவர்த்தி அளவு. எல்லாருக்கும் மேலே போப்பாண்டவர் அளவு! பெரியவர் இந்தப் பட்டியலைச் சின்னதிலிருந்து பெரியதுவரை மூச்சுவிடாமல் ஒப்பித்துக் காட்டினார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இன்னொரு பெட்டி முன் அவர் குரல் மாறுகிறது. மானுவாலே திபோகிராஃபிகோ, பொடோனி எழுத்துகளின் பெருந்தொகை, இரண்டு பெரிய தொகுதி. ரோமன் எழுத்தும் சாய்வுமாக 142 வரிசை, கிரேக்கம், ஹீப்ரு, ரஷ்யன், அரபு, ஆர்மீனியம், திபெத்தியம், கோடுகள், பூச்சட்டங்கள். அச்சானது 1818-ல். பொடோனி இறந்தது 1813 நவம்பரில். இடைப்பட்ட காலத்தில் இதை முடித்தவர் அவர் மனைவி மார்கெரீத்தா தல்லாலியோ. கணவர் விட்டுப்போன தாள்களை ஒழுங்குபடுத்தி, தலைமைத் தொழிலாளி லூயிஜி ஓர்சியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக அச்சேற்றி, 300-க்கும் குறைவான பிரதிகளே போட்டார். எழுத்து உலகத்தின் மகத்தான புத்தகங்களில் ஒன்று இது. அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு விதவையின் பிடிவாதம் இருக்கிறது. பொடோனி என்று சொல்லும்போதெல்லாம் மார்கெரீத்தாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் பெரியவரும் இருக்கிறார்.

திரும்பும் வழியில் இன்னொரு பெண்மணிக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். நெப்போலியனின் இரண்டாம் மனைவியாக இருந்து, பிறகு பார்மாவை ஆண்ட மரியா லூயிஜா. பஞ்ச்களும் மேட்ரிக்ஸ்களும் சிதறிப்போகாமல் வாங்கி ஊருக்கு வைத்தவர் அவர்தான். 1829-ல் திறந்த ஓபரா அரங்கம் தெயாத்ரோ ரெஜோவைக் கட்டவைத்தவரும் அவரே. வெர்டி தன் ஓபரா ஒன்றை அவருக்குக் காணிக்கையாக்கினார். வெர்டி பிறந்ததோ இதே வட்டாரத்தில், 1813 அக்டோபரில். பொடோனி கண்மூடுவதற்குச் சில வாரம் முன்பு! எழுத்துக்காரர் போகிற வருஷத்திலேயே பாட்டுக்காரர் வந்தார். இன்றைய சுவரொட்டியில் ஒருவர் பெயர், இன்னொருவர் எழுத்து. பார்மாக்காரர்கள் இதைச் சொல்லும்போது ஒரு அங்குலம் உயர்ந்துவிடுகிறார்கள், உயரட்டும்.

அச்சுக்கூடத்தில் இதற்குள் எல்லாம் ஏறிவிட்டது. மர எழுத்தும் ஈய வரிகளும் இரும்புச் சட்டத்துக்குள் முடுக்கப்பட்டு, கையால் உருட்டும் புரூஃப் பிரஸின் படுக்கையில் கிடக்கின்றன. மகள் கண்ணாடிப் பலகையில் மையைப் பரப்பி ரோலரை உருட்டுகிறார். ‘கேளுங்க’ என்கிறார். மை சரியான பக்குவத்துக்கு வந்தால் ரோலர் சீறும் சத்தமே வேறாம். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறோம். ஆமாம், சொரசொரவென்று இருந்தது, பட்டுப்புடவை மடிப்பது போன்ற சலசலப்பாக மாறிவிட்டது.

முதல் தாள். பையன் இரண்டு கையாலும் பிடித்து வைக்க, மகள் உருளையைத் தள்ள, தாளை உரித்தால்... ஐயோ. ‘வி’ நடுவில் வெளிறிக் கிடக்கிறது. ‘ஐ’யின் காலடி செரிஃப் பாதிதான் விழுந்திருக்கிறது. வயசான மரம், ஒவ்வொரு கட்டையும் ஒவ்வோர் உயரத்துக்குத் தேய்ந்திருக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் வெளிறல் போகும், ஆனால் மயிரிழை நசுங்கித் தடித்துவிடும். ‘இ’யின் நடுக்கையும் அபாயத்தில். குறைத்தால் மயிரிழை ஜம்மென்று வரும், தண்டு சொட்டையாகும். தடிமனுக்கு ஒரு அழுத்தம், மெலிவுக்கு ஒரு அழுத்தம், இரண்டும் ஒரே தாளில், ஒரே உருட்டலில்!

இங்கேதான் பெரியவரைப் பார்க்க வேண்டும். டிஷ்யூ காகிதம், பசை, கத்தரி. ‘வி’க்கு அடியில் ஒரு மெல்லிய தாள். ‘ஐ’யின் காலடிக்கு அரைக்கட்டை விரல் அகலத்தில் ஒரு துணுக்கு. அச்சடித்துப் பார்க்கிறார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் விரலால் தடவி, எழுத்து எங்கே அழுந்தியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே படிக்கிறார். மறுபடி ஒரு துணுக்கு, ஒரு அச்சு, ஒரு தடவல். பழைய வானொலியில் ஏதோ சோப்ரானோ உச்சத்துக்குப் போகிறாள். மூவரின் முதுகிலும் சட்டை ஒட்டிக்கொண்டுவிட்டது. வீணாய்ப்போன தாள்கள் தரையெல்லாம். அதில் ஒன்றைச் சுருட்டி என் பைக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ‘பாழானதா வேணும்? நல்லது தர்றேன், இருங்க’ என்றார் மகள். பாழானதுதான் எனக்குக் கண்கண்ட அழகு. வெளிறிய ‘வி’யில் மரத்தின் ரேகைகள் தெரிகின்றன.

காத்திருக்கும் நேரத்தில் அலமாரியைப் பாருங்கள். கறுப்பு அட்டை போட்ட பத்திரிகைக் குவியல். ஃபிராங்கோ மரியா ரிச்சி என்ற பார்மாக்காரர் 1982-ல் தொடங்கிய எஃப்எம்ஆர். கறுப்பில் படம், மேலே பொடோனி, அவ்வளவே. அட்டையைப் பார்த்தாலே கைகழுவிவிட்டு வரத் தோன்றும். மானுவாலேயை மறுபதிப்பாக 1960-களில் கொண்டுவந்தவரும் அவர்தான். ஊருக்கு வெளியே ஃபொந்தானெல்லாத்தோவில் 2015-ல் மூங்கிலால் ஒரு பிரம்மாண்டப் புதிர்வழித் தோட்டம் திறந்தார். அங்கேயும் பொடோனி அச்சடித்த புத்தகங்கள் இருக்கின்றன. இந்த எழுத்துக்கு இப்படிப் பைத்தியமானவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அமெரிக்காவில் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1909 வாக்கில் இதை மறுபடி வார்க்க, விளம்பர உலகம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. ஜெர்மானியர் ஹான்ஸ் மார்டர்ஸ்டைக் 1920-களில் தன் கையச்சுக்கூடத்துக்கு ஒஃபிச்சினா பொடோனி என்றே பெயரிட்டு, மூல மேட்ரிக்ஸ்களிலிருந்து எழுத்து வார்க்க அனுமதி வாங்கினார். நியூயார்க்கில் மாசிமோ விஞ்ஞெல்லி, விரல்விட்டு எண்ணக்கூடிய எழுத்துகளே ஒரு டிசைனருக்குப் போதும் என்றவர், அந்தச் சில எழுத்துகளில் பொடோனிக்கு இடம் கொடுத்தார். இன்னொரு பக்கம் வில்லியம் மோரிஸ் போன்ற இங்கிலாந்துக் கலைஞர்களுக்கு இதைக் கண்டாலே ஆகாது. இந்த எழுத்தை யாரும் ‘பரவாயில்லை’ என்று சொல்லிக் கேட்டதில்லை.

‘வந்துடுச்சு!’ பையன் கத்துகிறான்.

ஓடி வாருங்கள். தாளை அவன் மெதுவாக உரிக்கிறான். கன்னங்கரிய தண்டுகள், ஓட்டை இல்லை, சொட்டை இல்லை. ‘ஐ’யின் காலடியில் செரிஃப் கத்தியால் கீறியது போல் முனைவரை ஓடுகிறது. ‘இ’யின் நடுக்கை நிற்கிறது. சுற்றிலும் தாராளமாக வெள்ளை. சிகரெட் அட்டையோ டிஷ்யூத் துணுக்குகளோ இந்த வெள்ளையில் யார் கண்ணுக்குத் தெரியும்? மகள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். மூக்கு நுனியில் மை. பெரியவர் மட்டும் நெற்றிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, தாள் மேல் குனிந்து, மிகச் சின்ன வரிகள்வரை படித்து முடித்த பிறகே தலையாட்டினார்.

அப்புறம் தறி ஓடுவது போல வேலை. வை, உருட்டு, உரி, கயிற்றில் மாட்டு. கூடத்தின் குறுக்கே துணி காயப்போடும் கயிறுகளில் வெர்டி, வெர்டி, வெர்டி. குனிந்துதான் நடக்க வேண்டியிருக்கிறது.

இருட்டும் வேளைக்குக் கச்சேரிக் குழுவிலிருந்து ஒருவர் வந்தார், சுவரொட்டி வாங்கிப் போக. வெள்ளை மீசை, கழுத்தில் சால்வை. கோரஸில் அடித்தொண்டையில் பாடுகிறவர். நடுவில் நிற்கும் ஐந்து பெரிய எழுத்தை அவர் ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை! நேராகக் கீழே குனிந்து, பையன் வியர்க்க வியர்க்கக் கோத்த பொடி வரிகளில் விரலை ஓட்டி, தன் பெயரைக் கண்டுபிடித்து, கண்ணை இடுக்கிப் படித்தார். எழுத்துப்பிழை இல்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. பிறகு பெரியவரை ஓரமாகக் கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி கேட்டார்:

‘அடுத்த தடவை என் பேரை மட்டும் கொஞ்சம் பெரிசா போட முடியுமா?’

‘எவ்வளவு பெரிசா?’

அவர் கொஞ்சம் யோசித்தார். ‘போப்பாண்டவர் வேணாம். கோமகன் போதும்.’